ஒரு ஆள் தள்ளி நின்ற நிறங்கள்

திருப்பூரில் எலந்தைக்காட்டு வீதி என்று ஒரு வீதி உண்டு, தெற்கு வடக்காக ஓடுவது, ஒரு கோடியில் மாரியம்மன் கோயிலும் மறு கோடியில் தண்ணீர்த் தொட்டியும் நடுவில் ஒரு பொதுக்குழாயும் உள்ளது, அந்த வீதியில் ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிந்தபோது நிறங்கள் எல்லாம் தத்தம் பொருளை விட்டு ஒரு ஆள் அகலம் தெற்கே தள்ளி நின்றன. செம்பருத்திச் செடியில் பூ கோடாக இருந்தது, அதன் சிவப்பு பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவரில் இருந்தது. காக்கை வெறும் வரைகோடாகப் பறந்தது, அதன் கறுப்பு சற்றுத் தள்ளி அதே வேகத்தில் கூடவே பறந்தது. இதை முதலில் பார்த்தவள் தேவானை, குழாயடியில் எல்லோருக்கும் முன்னால் குடம் வைக்கிறவள், அவள் தன் வெறுங்கோட்டுக் கையையும் பக்கத்தில் ஆளில்லாமல் நின்ற தன் பச்சைச் சேலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அட கெரகமே" என்று சொல்லிக் குடத்தைக் குழாய்க்கு நேரே சரியாக வைத்தாள், ஏனென்றால் குழாயில் தண்ணீர் வருவது நாளைக்கு ஒரு மணி நேரம்தான்.

காரணம் என்னவென்று மயிலாத்தாளுக்கு மட்டும் அன்று காலையே தெரிந்துபோயிற்று. அவள் ஓவியம் படித்தவள், கல்யாணம் வேண்டாம் என்று ஊரை எதிர்த்து ஜெயித்தவள், அண்ணன் சென்னியப்பனின் பிரிண்டிங் பட்டறையிலேயே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு படம் போடுகிறவள். அங்கே பனியன் துணிக்கு அச்சடிக்க நாற்பதடி நீள மேசை கிடக்கிறது. துணியை அதில் பசையால் ஒட்டி, வலைத்துணி கட்டிய சட்டத்தை மேலே வைத்து, ரப்பர் பட்டையால் கலரை இழுத்தால் படம் கீழே விழும், ஒரு கலருக்கு ஒரு சட்டம், சட்டம் எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட மேசையோரக் கம்பியில் வரிசையாக ஸ்டாப்பர்கள். மயிலாத்தாள் அந்த மேசையில் தன் படங்களை அச்சடித்து, காய்ந்தபின் அதன் மேலேயே பிரஷ்ஷை எடுத்துக் கையால் வரைவாள். சென்னியப்பனுக்கு அது அறவே பிடிக்காது. "அச்சுல வந்தது வந்ததுதான், அதும்மேல மறுக்கா என்னத்தப் பூசற? சோத்தத் தின்னுட்டு எலைக்கு நெய் ஊத்தற மாதிரி" என்பான். "அச்சு எல்லாருத்துக்கும் ஒண்ணுதானுங்ணா, கை ஒவ்வொருத்தருக்கா போவும்" என்பாள் அவள். இருவரும் இதைச் சொல்லிச் சொல்லி அலுக்காமல் வருஷங்களை ஓட்டியிருந்தார்கள்.

அந்த வருஷம் சென்னையில் ஒரு கண்காட்சிக்காக மயிலாத்தாள் வீதி முழுவதையும் ஒரே துணியில் போட்டாள். தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏறி முன்னொரு காலத்தில் எடுத்த போட்டோக்களை ஒட்டிச் சேர்த்து, வீடு வீடாக, ஆள் ஆளாக, போட்டோவுக்குப் பிறகு பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, நாய் ஆடு உட்படக் கோட்டுருவம் எழுதி அதை முதலில் கறுப்பில் அச்சடித்தாள். மறுநாள் ஆயுத பூஜை. அந்தப் பட்டறையில் நாச்சம்மாள் செத்த பிறகு பூஜையே கிடையாது. நாச்சம்மாள் சென்னியப்பனின் மனைவி, மயிலாத்தாளுக்கு நங்கை, அந்தப் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் சொல்வார்கள். அவள் இருந்தவரை கருவிகளுக்குப் பொட்டு வைப்பது அவள் வேலை, ஸ்டாப்பர்களுக்கு முதுகில்தான் வைப்பாள், சட்டம் வந்து முட்டுகிற முகத்தில் வைக்க மாட்டாள். இந்த வருஷம் மயிலாத்தாள் நச்சரித்துப் பூஜை போட வைத்தாள், சென்னியப்பனும் சந்தனத்தை அள்ளி எல்லா ஸ்டாப்பருக்கும் முகத்திலேயே அப்பினான், அச்சுக்காரன் கை அல்லவா, ஒன்றுக்கு வைத்த அதே கனம் அத்தனைக்கும். சந்தனம் இரவோடு காய்ந்து கல்லானது. விடியக் கருக்கலில் மயிலாத்தாள் ஆட்களை வைத்துக் கலர்களை வரிசையாக அடித்து முடித்துத் துணியைப் பார்த்தால், சட்டங்கள் காய்ந்த சந்தனத்தில் முட்டி முன்னாலேயே நின்றுவிட்டதில் அத்தனை கலரும் கோட்டைவிட்டு அரை விரல் தெற்கே தள்ளியிருந்தது. துணியில் ஒரு ஆள் அரை விரல் அகலம்தான். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள், வெளியே வீதியும் அப்படியே இருந்தது.

ஒரு வாரம் வீதி தடுமாறியது, பிறகு பழகிக்கொண்டது. டீக்கடை காதர் மொகைதீன் கிளாஸை நீட்டினால் கிளாஸ் வெறுங்கோடாக ஆவி விடும், டீயின் நிறம் பக்கத்தில் அந்தரத்தில் நிற்கும், புதுசாக வந்தவர்கள் நிறத்தைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தார்கள், வீதிக்காரர்கள் கோட்டைப் பிடித்துக் குடித்தார்கள். பெஞ்சில் உட்காரும்போது தெற்கே ஒரு இடம் விட்டு உட்காருவது மரியாதை ஆயிற்று, "கலர் இருக்குதுங், சித்தெ தள்ளி உக்காருங்" என்று சொல்வது சாதாரணப் பேச்சாயிற்று. இடமில்லாமல் நெருங்கி உட்கார்ந்தால் ஒருவர் நிறம் அடுத்தவர் மேல் விழும். பங்காளிச் சண்டையில் பேச்சை விட்ட இருவர் அப்படி நெருக்கி உட்கார நேர்ந்து, ஒருவன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதற்குமேல் சண்டையைத் தொடர முடியாமல் போனார்கள். கோயிலில் அம்மனின் சிவப்பு பூசாரியின் மேல் விழுந்தது, அந்த நாட்களில் அவர் யாரையும் அதட்டவில்லை, தட்டில் என்ன விழுகிறது என்றும் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் சிவப்பான பொண்ணாக வேண்டும் என்று வந்து, பெண்ணின் நிறம் பக்கத்தில் இருந்த சித்தியின் மேலும் சித்தியின் நிறம் பீரோவின் மேலும் கிடக்கக் கண்டு, வேறு கேட்க ஒன்றும் இல்லாமல் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டது. கலெக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், நிறம் தன் துறையில் வராது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

குழாயடியில் ஒரு விஷயம் இருந்தது, அதை மட்டும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பழைய போட்டோவில் நாச்சம்மாள் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். கோடு எழுதும்போது மயிலாத்தாளுக்கு அவளை விட்டுவிட மனசு வரவில்லை, அவளையும் எழுதினாள், அவளுக்கும் கலர் அடித்தாள். வீதியில் இப்போது நாச்சம்மாளின் கோடு இல்லை, கோட்டுக்கு ஆள் வேண்டுமே, ஆனால் குழாய்க்குத் தெற்கே ஒரு ஆள் தள்ளி அவள் நிறம் நின்றது: கனகாம்பரச் சேலை, அரைத்த மஞ்சள் ஏறிய முகமும் கையும், தலையில் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை. முதல் நாளே தேவானை அதைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், பிறகு வரிசையில் நின்ற பெண்களிடம், "அக்கட்டால ஒரு எடம் உட்டு நில்லுங்கொ" என்றாள். அதிலிருந்து குடங்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வரிசை வைத்தன.

சென்னியப்பன் மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அவன் அழுது யாரும் பார்த்ததில்லை, நாச்சம்மாள் செத்த அன்றும் அவன் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஒரே ஒரு மாற்றம்தான் ஊர் கண்டது. முன்பெல்லாம் நடுப்பகலில் அவன் இரு கையிலும் கலர் வழிய மேசையில் நிற்க, நாச்சம்மாள் தூக்குப்போசியோடு வந்து, ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் சோற்றை உருட்டி அவன் வாயில் வைப்பாள், "பச்சப் புள்ள பாரு, ஊட்டி உடோணும்" என்று வீதியே கேலி பேசும், அவன் மென்றுகொண்டே அடுத்த சட்டத்தைத் தூக்குவான். அவள் போனதும் அவன் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தான். பழையசோற்றையும் ஸ்பூனில் சாப்பிட்டான். கை கழுவ நேரமில்லை என்றான்.

நான்காம் நாள் பொழுதோட, விளக்கு வைக்கும் நேரத்தில், அவன் குழாயடிக்குப் போனான். தண்ணீர் நின்று பெண்கள் போயிருந்தார்கள். அவன் அந்த நிறத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு ஒரு அடி எடுத்து வைத்து அதற்குள்ளேயே போய் நின்றான். அவனுடைய வெறுங்கோட்டு உடம்பில், மீசைக் கோட்டிலும் மடித்துக் கட்டிய வேட்டிக் கோட்டிலும், அவள் நிறம் வந்து நிறைந்தது, அவனுடைய நிறம் ஒரு ஆள் தள்ளி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் நின்றது. காதர் மொகைதீன் டீக்கடையிலிருந்து அதைப் பார்த்தார், கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற அந்த வீதி அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்குக் குழாயடியை அவனுக்கு விட்டுவிட்டது.

இதற்கிடையில் மயிலாத்தாள் வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். பாழானது பாழாயிற்று, மேலே கைவேலையாவது செய்வோம் என்று பிரஷ்ஷை எடுத்து, துணியில் காதர் மொகைதீனின் கிளாஸ் கோட்டுக்குள் டீக் கலரைத் தொட்டு வைத்தாள். தள்ளி நின்ற அச்சுக் கறை துணியிலிருந்து மறைந்தது. அதே நேரத்தில் வீதியில், "வந்துருச்சு, டீ வந்துருச்சு!" என்று காதர் பாய் கத்தினார். பிறகு கேட்க வேண்டுமா, பட்டறை வாசலில் கூட்டம். வந்தவர்கள் சும்மா வரவில்லை, யோசனையோடு வந்தார்கள். "அம்மிணி, பூசறது பூசற, அந்தச் சேலை சாயம் போயிக் கெடந்துச்சு, கொஞ்சம் தூக்கிப் பூசு" என்றாள் தேவானை. மயிலாத்தாள் தூக்கித்தான் பூசினாள். ஒரு கிழவரின் மிதிவண்டிக்கு அவர் வாங்கிய வருஷத்துப் பச்சையைக் கொடுத்தாள். அச்சில் எல்லா முகத்துக்கும் ஒரே மாநிறம் விழுந்திருந்தது, பிரஷ்ஷில் ஒவ்வொரு முகத்துக்கும் அதனதன் வெயிலையும் சமையல்கட்டையும் வயசையும் சேர்த்துக் கலந்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததில்லை. குழாயடிப் பக்கம் வரும்போது மட்டும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வேறு கோடிக்குப் போனாள், ஏனென்றால் துணியில் நாச்சம்மாளின் கோட்டுக்குள் நிறத்தை வைத்தால், வீதியில் அந்த நிறம் போய்ச் சேர ஒரு உடம்பு இல்லை.

ஐப்பசியின் முதல் தூறல் விழுந்தது. விழுந்தவுடன் வேப்பமரத்தின் பச்சை, மரத்துக்குத் தெற்கே நின்றது, ஓரம் கரைந்து சாக்கடையில் இறங்கியது. மயிலாத்தாள் ஓடிப்போய்த் துணியில் வேம்புக்குப் பச்சை வைத்தாள். சென்னியப்பன் வாசலில் நின்று சாக்கடையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அச்சுக் கலரைச் சூட்டு மெஷினில் ஓட்டி எடுத்தால்தான் அது துணியைப் பிடிக்கும், ஓட்டாத கலர் தண்ணீர் பட்டால் போகும், இது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பாழான துணி என்று இதை யாரும் ஓட்டவில்லை.

"மயிலு, மெசின்ல ஒரு ஓட்டு ஓட்டீரலாம். அப்பறம் எந்த மழைக்கும் போவாது."

"ஓட்டுனா எல்லாமே இப்படியே நின்னுக்கும்ங்ணா. வீதி பூராவும்."

"நின்னா என்ன? பழகீட்டாங்கல்ல?"

"நான் பூசுனது வெடிச்சு உதுந்துரும். பிரஷ் கலர் அந்தச் சூட்டத் தாங்காது. ஒண்ணு ஓட்டோணும், இல்லாட்டிப் பூசோணும்."

அவன் கொஞ்ச நேரம் ரப்பர் பட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "ரெண்டாவது தடவ போறத என்னால பாக்க முடியாது அம்மிணி" என்றான். மயிலாத்தாள் தன் அண்ணனிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதே இல்லை. அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். வெளியே கூட்டமாக நின்றவர்கள் தங்கள் நிறத்துக்காக நின்றார்கள்.

அந்தக் கூட்டம் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டது, ஒட்டுக் கேட்பதில் அந்த வீதியை மிஞ்ச ஆளில்லை. அவர்கள் டீக்கடைக்குப் போய்க் கூடிப் பேசினார்கள். பேசி முடித்துத் தேவானை முன்னால் வந்தாள், புதுப் பச்சைச் சேலை அவள் மேல் அப்போதுதான் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "ஓட்டீருங்கொ" என்றாள். "நாங்க இப்படியே இருந்துக்கறோம். அந்தப் புள்ள கொழாயடில நிக்கறது எங்களுக்கும் தொணையாத்தான் இருக்குது." காதர் மொகைதீன், "என்ற டீ மறுக்கா போனாப் போவுது, கோட்டப் புடிச்சுக் குடிக்க எல்லாரும் கத்துக்கிட்டாங்க" என்றார். மயிலாத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சென்னியப்பன் யாருக்கும் நன்றி சொல்லவில்லை, சொல்லத் தெரியாதவன், போய் மெஷினைப் போட்டான், மறுநாள் காலை வானம் இருட்டிக்கொண்டு வர, சூடு ஏறிய மெஷின் வாயில் துணியின் ஒரு முனையைக் கொண்டுவந்து வைத்தான்.

அப்போதுதான் காதர் மொகைதீனின் மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீதியில் ஓடினாள். குழந்தை நஸ்ரின் நாலைந்து நாளாகச் சோறு இறங்காமல் சுருண்டு கிடந்தாள், பல் முளைக்கிறது என்று நினைத்திருந்தார்கள். மஞ்சள் காமாலை முற்றியிருந்தது. குழந்தையின் கண்ணும் நகமும் மஞ்சளாகித்தான் இருந்தன, ஆனால் அந்த மஞ்சள் தொட்டிலுக்குத் தெற்கே ஒரு ஆள் தள்ளி, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவரில் கிடந்தது. பார்க்க ஒரு கோட்டுக் குழந்தைதான் இருந்தது, அன்று காலை வெளியே தூக்கி வந்தபோதுதான் மஞ்சள் கண்ணில் பட்டது. ஆட்டோவில் ஏறும்போது காதர் மொகைதீன், "கண் முன்னாலதானே இருந்துச்சு, கண் முன்னாலதானே இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். சென்னியப்பன் வாசலில் நின்று ஆட்டோ போவதைப் பார்த்தான். உள்ளே போய் மெஷினை அணைத்தான். துணியைச் சுருட்டித் தோளில் போட்டு வந்து மேசையில் விரித்தான்.

"பூசு" என்றான். "மொதல்ல அந்தக் கொழந்தைக்குப் பூசு."

அவள் பூசினாள். மஞ்சளை அப்படியே கோட்டுக்குள் வைத்தாள், மறைக்கவில்லை, ஆஸ்பத்திரியில் அது எப்படி இருக்கிறதென்று டாக்டர் பார்க்க வேண்டும். பிறகு நிமிராமல் பூசினாள், வீடு, சுவர், ஆடு, ஆள், அம்மனின் சிவப்பு, பூசாரியின் கறுப்பு, யார் யார் வரிசையில் நிற்கவில்லையோ அவர்களுக்கும். சென்னியப்பன் கலர் டப்பாக்களைத் திறந்து கொடுத்தான், பிரஷ்ஷைக் கழுவிக் கொடுத்தான், அச்சின் மேல் என்னத்தப் பூசற என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வீதி முழுவதும் முடிந்து இரண்டு பேர் பாக்கி இருந்தார்கள், குழாயடியில் நாச்சம்மாளும் பட்டறை வாசலில் அவனும்.

"நங்கைக்கு..." என்றாள் மயிலாத்தாள்.

"வேண்டாம். அவ கோடு சும்மா இருக்கட்டும். எனக்குப் பூசு." அவன் தன் வலது கையைத் துணிக்கு மேலே நீட்டினான், வெறுங்கோடு, நரம்பும் ரேகையும் கறுப்புக் கோடு. "ஒடம்பு பூராவும் என்ற கலரையே பூசு. இந்தக் கைக்கு மட்டும் அவ மஞ்சளப் பூசு."

அவள் வாசலுக்குப் போய்க் குழாயடியைப் பார்த்தாள், அந்த மஞ்சளைக் கண்ணில் வாங்கிக்கொண்டு வந்து கலந்தாள், பிடிக்கவில்லை, மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், அரைத்த மஞ்சளுக்குக் கீழே மாநிறமும், மாநிறத்துக்குக் கீழே தினமும் பாத்திரம் தேய்த்த வெளுப்பும் இருந்தன, அத்தனையும் சேர்ந்து வந்ததும் துணியில் அண்ணனின் கைக்கு, ஒரு அரிசி அளவுகூட இல்லாத இடத்துக்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள்.

மழை பிடித்தது. சென்னியப்பன் குடை எடுக்காமல் குழாயடிக்குப் போனான். வீதி அவரவர் வாசலில் நின்று அவரவர் நிறத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. கனகாம்பர நிறம் முதலில் கால் பக்கம் கரைந்தது, பிறகு மேலே, கடைசியில் முகம், அது சாக்கடைக்குப் போகவில்லை, குழாயடிக் கல்லில் கொஞ்ச நேரம் தேங்கி நின்றது, பிறகு மழை வலுத்ததும் போயிற்று. அவன் நனைந்தபடி அங்கேயே நின்றான், கல் வெறுங்கல் ஆனதும் திரும்பி வந்தான். தேவானை எதிரே போய்த் துண்டு கொடுத்தாள்.

நஸ்ரின் தேறி வீட்டுக்கு வந்தாள். துணி சென்னைக்குப் போயிற்று, நாச்சம்மாளின் நிறம் வீதியில் கரைந்தபோதே துணியிலும் கரைந்து அவள் கோடு மட்டும் நின்றிருந்தது, அங்கே பார்த்தவர்கள் குழாயடிப் பெண்ணுக்கு மட்டும் ஏன் வண்ணம் தீட்டாமல் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், மயிலாத்தாள் அவர்கள் சொன்ன விளக்கங்களுக்கெல்லாம் தலையாட்டினாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. மழை விட்ட அன்று நடுப்பகலில் பட்டறையில் சென்னியப்பன் கை கழுவினான், முதலில் மண்ணெண்ணெய் போட்டு, அடுத்து சோப்பு போட்டு, கலர்க்கறை எல்லாம் போயிற்று, வலது கையின் மஞ்சள் போகவில்லை, மணிக்கட்டுவரை அது அப்படியே இருந்தது. மேசையில் மயிலாத்தாள் வைத்த தூக்குப்போசி இருந்தது, பக்கத்தில் ஸ்பூன். அவன் ஸ்பூனை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, அந்தக் கை தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான்.